எடைக்கு எடை அரிசி

கமலவேணி என்ற பேரைக் கோகிலா முதலில் கேட்டது குருபோங் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில், அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போன பிறகு. "மாப்பிள்ளைக்கு மூத்தவ ஒருத்தி இருக்காளாம், கமலவேணின்னு. அவ ஏறினா ரிக்‌ஷாக்காரன் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் இழுப்பானாம்" என்றாள் கோகிலாவின் அக்கா. அம்மா சிரித்தாள். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த கோகிலாவும் சிரித்துவிட்டாள். கல்யாணமாகி டவுனில் காஜா பெராங் தெருவில் வந்து இறங்கியபோது ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றவள் அந்தக் கமலவேணிதான். தட்டைச் சுற்றிய கையில் கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்து கிடந்தன, சத்தமே வரவில்லை. "பயப்படாத புள்ள. நான் வாசல அடைச்சுக்கிட்டு நிக்கிறேன்னு பார்க்காத, வலது காலை வை" என்று சொல்லி, அவளே முதலில் சிரித்தாள்.

அவள் வீட்டு வழியே அந்த வாகுதான். பெரியத்தை சாரதாம்பாள் உட்கார்ந்தால் பலகை முனகும் என்பார்கள். ஆனால் உட்கார்ந்து தின்ற உடம்பு என்று கமலவேணியை ஒருவரும் சொல்லிவிட முடியாது. விடிவதற்குள் அரிசி இடித்து, மாவு சலித்து, இடியாப்பம் பிழிந்து, ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் கூடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். போகும்போது இரண்டு தின்பாள், வரும்போது மிஞ்சியதைத் தின்பாள். கணவர் ராஜரத்தினம் முனிசிபாலிட்டியில் ரோடு போடும் வேலை. ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். அவர் பங்கையும் சேர்த்து அவளே தின்கிறாள் என்று தெருவில் சொல்வார்கள். அவர் காதிலும் விழும். அவர் மறுக்க மாட்டார்.

ஒரே மகன் தேவதாஸ். ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதம் முன்பு அவனை விஷக்காய்ச்சல் இருபத்தொரு நாள் படுக்கையில் போட்டது. கமலவேணி மாரியம்மன் முன்னால் போய் நின்றாள். "என் மகன் எழுந்து உட்காரட்டும் தாயே, என் எடைக்கு எடை அரிசி வைக்கிறேன்." மற்றவர்கள் என்றால் பிள்ளையின் எடைக்குத்தான் நேர்ந்துகொள்வார்கள். எலும்பாகக் கிடக்கிறவனின் எடைக்கு நேர்வது அம்மாளை ஏமாற்றுவதாகும் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. பையன் எழுந்து உட்கார்ந்தான். தை பிறக்கட்டும், செலுத்திவிடலாம் என்றிருந்தாள். தை பிறந்தது. சைக்கிள் மிதித்துக்கொண்டு ஜப்பான்காரனும் வந்து சேர்ந்தான்.

பிறகு அரிசி என்பது கூப்பனுக்கு வந்தது. மாதத்துக்கு மாதம் அளவு குறைந்தது. இடியாப்பக் கூடை பரணுக்குப் போனது. கமலவேணி ஒரு நாள் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு ரப்பர் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் போனாள். ரப்பர் சீட்டு நிறுக்கும் தராசில் ஏறி உட்கார்ந்தாள். கூலிகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னா தவுக்கே, முதல் தரமா, ரெண்டாந்தரமா?" என்று அவளே கேட்டாள்.

நூற்று நாற்பத்தெட்டுக் காத்தி. இந்தக் காலக் கணக்கில் எண்பத்தொன்பது கிலோ. அவ்வளவு அரிசியைக் கறுப்புச் சந்தையில் வாங்க வீட்டை விற்றாலும் பற்றாது. திரும்பி வரும் வழியெல்லாம் கமலவேணி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். வாசலுக்கு வந்ததும் சொன்னாள்: "அரிசி ஏறப் போறதில்ல கோகிலா. நான்தான் இறங்கணும்."

கோயில் பண்டாரம் மருதமுத்து நல்ல மனிதர். "காலம் இப்படி இருக்கும்மா. கிழங்கு வச்சாப் போதும், அம்மா கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

"நான் கிழங்குன்னு சொல்லியிருந்தா கிழங்கு. அரிசின்னுல்ல சொன்னேன்? பிள்ளைய முழுசாத்தானே குடுத்தா? நான் மட்டும் மாத்திக் குடுக்கிறதா?"

அன்றிலிருந்து அவள் பங்கு அரிசி அவள் வாய்க்குப் போகவில்லை. வீட்டில் சேர்த்தால் பதுக்கல் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதால், கோயில் சாமான் அறையில் அம்மாளின் பேரிலேயே ஒரு பெரிய பானை வைத்தாள். சுற்றுவட்டாரத்து மலாய்க்காரர்கள் நெல்லைக் குத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். படிக்கு ஒரு பிடி அரிசி கூலி. "உலக்கையத் தூக்கினா உடம்பு இறங்குது, கூலி வாங்கினா பானை ஏறுது. ஒரே வேலைக்கு ரெண்டு பலன்" என்று கமலவேணிக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்துத் தவுக்கே கடையில் ஏறினால், குறைந்தது ஒரே ஒரு காத்தி. கமலவேணி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகுதான் விஷயம் புரிந்தது. நெல் குத்தினால் பசி கொள்ளையாக எடுக்கிறது, குத்திய களைப்புக்கு ஒரு சட்டிக் கிழங்கு உள்ளே போகிறது. இந்தக் கையால் இறக்கியதை அந்தக் கையால் ஏற்றியிருக்கிறாள். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டாள். நாலு படி நெல் குத்தினால் ஒரு கிழங்கு, குத்தாத நாளில் அரைக் கிழங்கு. வள்ளிக்கீரை எவ்வளவு வேண்டுமானாலும். யாராவது வற்புறுத்தி எதையாவது தின்னக் கொடுத்துவிட்டால் மறுக்க மாட்டாள். தின்றுவிட்டு எழுந்து, "நடந்து கழிச்சுட்டு வந்துர்றேன்" என்று உஜோங் பாசிர்க் கடற்கரை வரை போய்த் திரும்புவாள். வெறுங்கையோடு வருவதும் கிடையாது. வழியோரக் கீரையை மடி நிறையப் பறித்துக்கொண்டு வருவாள்.

தேவதாஸ் ஆபீசில் பியூன். அங்கே காலையில் ரேடியோ வைத்து எல்லோரும் கையைக் காலை ஆட்ட வேண்டும், ஜப்பான்காரன் உத்தரவு. மகனிடம் கேட்டு அதையும் கற்றுக்கொண்டாள். கொல்லையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "இச்சி, நீ, சான், சீ" என்று ஜப்பான் மொழியில் எண்ணிக்கொண்டே அவள் கையை வீசினால் கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். "ஜப்பான்காரன் குடுத்ததுல கூப்பன் இல்லாதது இது ஒண்ணுதான் புள்ள. நீயும் வா" என்று கோகிலாவையும் இழுப்பாள். ராஜரத்தினம் தன் அரிசியையும் பானையில் போடலாமே என்று ஒருமுறை கேட்டார். "பேசாம தின்னுங்க. உங்கள யாரு தராசுல வைக்கப் போறாங்க?" என்று அடக்கிவிட்டாள்.

அடுத்த வருஷம் மாசி. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், போனவன் திரும்புவதில்லை என்று தோட்டம் தோட்டமாகச் செய்தி வந்தது. பிறகு டவுனிலும் பேர் எழுத ஆரம்பித்தார்கள். கலியாணமாகாத பையன்களின் பேர் முதலில் என்று பேச்சு. கோகிலாவின் அக்கா மகள் அஞ்சலை குருபோங்கில் இருந்தாள், பதினெட்டு வயது. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அக்காவும் தூக்கமில்லாமல் கிடந்தாள். தேவதாசுக்கு முறையும் சரி, மனசும் சரி. ஆனால் கமலவேணி அசையவில்லை.

"அம்மாளுக்குச் சொன்னத வைக்காம என் வீட்டுல பந்தக்கால் ஊன மாட்டேன் கோகிலா. அவ குடுத்த பிள்ளைடி அவன்."

"பேரு எழுதிட்டாங்கன்னா அண்ணி?"

"அதுக்குத்தானே ஓட்டமா ஓடுறேன்."

கோகிலா ஒரு காரியம் செய்தாள். தன் வீட்டு அரிசியில் இரண்டு படியை முந்தானையில் கட்டிக்கொண்டு போய், யாருக்கும் தெரியாமல் அந்தப் பானையில் கொட்டினாள். மறுநாள் காலையில் கமலவேணி அதை மேலோடு அள்ளி, அளந்து முறத்தில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இடியாப்பக்காரிக்கு அரிசியில் ஒளிக்க முடியுமா?

"இது நொய். என் பானையில நொய் கிடையாது. எடுத்துக் கஞ்சி வை, என் தம்பி வயிறு ஒட்டிக் கிடக்கான்."

"நான் போட்டா அம்மா வேண்டாம்னா சொல்லப் போறா?"

"என் எடைன்னா என் வாயிலிருந்தும் என் கையிலிருந்தும்தான் வரணும். நீ அழாத. அரைக் கிழங்கக் கால் கிழங்காக்கிட்டேன்."

அதற்குள் தவுக்கே கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். நாலு மாதமாக எடை பார்க்க வழியில்லை. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்குவதைக் கோகிலா பார்த்தாள். ஒரு நாள் உலக்கையைப் பிடித்தபடியே கமலவேணி கண் இருண்டு சுவரில் சாய்ந்ததையும் பார்த்தாள். எவ்வளவு குறைந்திருக்கிறாள், பானை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. திங்கட்கிழமை இந்தத் தெருவில் பேர் எழுத வருகிறார்கள் என்று தேவதாஸ் ஆபீசில் கேட்டுக்கொண்டு வந்தான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, வைகாசி மாதம், கோயில் முன்னால் மரக்கிளையில் விட்டம் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் பலகை கட்டினார்கள்.

அரிசி எப்படியும் குறையும் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. பண்டாரம் முன்னெச்சரிக்கையாக இரண்டு கூடைக் கிழங்கை ஓரமாக வைத்திருந்தார். பானையைச் சாக்குகளில் கொட்டி, அத்தனையையும் ஒரு பலகையில் ஏற்றினார்கள். கமலவேணி மறு பலகையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அவள் ஏறிய பலகை இறங்கவில்லை. அவள் கால்கள் அந்தரத்தில் தொங்கின. அரிசிப் பக்கம் தரையை விட்டு அசையவேயில்லை.

பக்கத்து வீட்டில் மலாய் பேசும் சிட்டிக்காரி சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜரத்தினம் சாக்கிலிருந்து அரிசி அள்ளப் போனார்.

"தொடாதீங்க. பலகையில விழுந்தது அம்மாளோடது. எடுக்கக் கூடாது. கூடுதலா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் பண்டாரம்.

"எப்படிப் போகட்டும்? எடைக்கு எடைன்னுதான் சொன்னேன்" என்று மேலேயிருந்து கமலவேணி சொன்னாள். "கோலு நேரா நிக்கணும். இல்லேன்னா அடுத்த வெள்ளிக்கிழமை."

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் திங்கட்கிழமை இருந்தது. கோகிலா சுற்றுமுற்றும் பார்த்தாள். வந்தவர்களுக்குக் கொடுக்க அவித்து வைத்திருந்த கிழங்குச் சட்டி கண்ணில் பட்டது. ஓடிப்போய்ச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, சாப்பிடுங்க!"

"என்னாடி?"

"உக்காந்த இடத்துலயே சாப்பிடுங்க. கூடுறதும் உங்க எடைதானே!"

கமலவேணி பண்டாரத்தைப் பார்த்தாள். பண்டாரம் அம்மன் பக்கம் பார்த்தார். "வயித்துக்குள்ள போனது அவங்க உடம்புதான். தப்பில்ல" என்றார்.

ஒரு வருஷமாக அவள் வயிறு நிறையத் தின்று யாரும் பார்த்ததில்லை. முதல் கிழங்கை மெல்ல மெல்லத்தான் மென்றாள், மெல்லுவதே மறந்துபோனவள் மாதிரி. இரண்டாவது வேகமாகப் போனது. ராஜரத்தினம் பக்கத்தில் நின்று நார் உரித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். தேவதாஸ் தென்னையில் ஏறி இளநீர் பறித்துப் போட்டான். "மக்கான் லாகி, கமலவேணி! மக்கான்!" என்று, இன்னும் தின்னச் சொல்லி மலாயில் கத்திக்கொண்டே, சிவகாமி தன் வீட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பே கொண்டுவந்துவிட்டாள். தெருவே வாய் பார்த்துக்கொண்டு நின்றது. பசியில் இருந்த தெருதான், ஆனால் ஒரு முகத்திலும் பொறாமை இல்லை. ஒவ்வொரு வாய்க்கும், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார்கள். மூன்றாவது இளநீர் பாதி இறங்கும்போது அரிசிச் சாக்கு தரையிலிருந்து எழும்பியது. ஆடியது. நின்றது. பண்டாரம் கர்ப்பூரத்தை ஏற்றினார்.

தேவதாஸ் இன்னொரு பழத்தை உரித்து நீட்டினான். கமலவேணி அவன் மணிக்கட்டைப் பிடித்து, பழத்தை அவன் வாய்க்கே திருப்பிவிட்டாள்.

அந்த அரிசி மூன்று நாள் தெருவுக்கே கஞ்சியாகக் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை கழுத்தில் தாலி ஏறியது. திங்கட்கிழமை பேர் எழுத வந்தவன், கலியாணமானவன் என்று தேவதாஸ் பேரை எழுதாமல் போனான். கமலவேணி இப்போது உஜோங் பாசிரில், மகன் மருமகளோடு இருக்கிறாள்.