சங்கு ஊதி வாங்கிய ஸ்பீக்கர்

எனக்கு எழுத்து ஓடாது, மன்னித்துக்கொள்ளுங்க. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. தெரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

என் மகள் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டு செய்கிறாள். நான் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறபோது பாடினதை எல்லாம் போனில் பிடித்து மேளம் சேர்க்கிறாள். வெளியாள் ஒருத்தரும் கேட்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று தும்மலைக்கூட முந்தானையில் அடக்குகிறவள் நான்.

எங்கள் பழைய ஸ்பீக்கர் தகர டின்னுக்குள் இருந்து பேசுகிற மாதிரி பேசும். மலிவாக ஒரு சோடி வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ராகலை டவுனுக்குப் போனோம். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் மின்சாமான் கடை.

"நல்லாத் தெரிஞ்ச சத்தம் ஒன்னு போட்டுக் கேளுங்க. அப்பதான் எது நெசம் பேசுது, எது பொய் பேசுதுன்னு புரியும்," என்றார் நானா.

மகள் போனை எடுத்தாள். அதில் இருந்தது என் பாட்டு! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது வேணாம் புள்ள. பெக்டரி சங்கப் போடு."

தேயிலை பெக்டரியில் காலையில் வேலைக்கு ஊதுகிற சங்கு. ஏதோ பாட்டில் சேர்க்க அதையும் பிடித்து வைத்திருந்தாள்.

முதலில் ஆட்டுக்குட்டி உயரத்தில் ஒரு பெட்டியோடு வந்த செட். சங்கு ஊதியதும் கண்ணாடி அலமாரி நடுங்கியது. பஸ்ஸுக்கு நின்ற சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர் மரக்கறி நிரப்பிய உரப்பையோடு உள்ளேயே வந்துவிட்டார்.

"யாரு ஊதுனது? ஞாயித்துக்கெழமயும் வேலையா? ஒன்றரை நாள் சம்பளத்துக்குப் பேரு போடுவாங்களா?"

"போடுவாங்க பெரியவரே. கடைக்குள்ள கொழுந்து இருந்தா பறிங்க," என்றார் நானா.

நான் மகள் காதில் சொன்னேன்: "இது வெறும் அதிர்வு. நம்ம சங்கு முடியிறப்ப இளைப்புக்காரன் மாதிரி ஒரு இழுப்பு இழுக்கும். அது இதுல இல்ல."

அடுத்து இரண்டு சின்ன மரப்பெட்டி. சத்தம் கம்மிதான். பெரியவர் அசையவில்லை. ஆனால் அந்தக் கடைசி இழுப்பு வந்ததே, என் கை கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தேடியது. நான் ஸ்டூலை விட்டெழுந்து வாசல்வரை போய்விட்டேன்.

"இதுதான் நானா! அம்மா வேலைக்கே போயிட்டாங்க!" என்று மகள் கத்தினாள்.

"சங்கு சரி. மனுசக் குரலும் பாக்கணுமே," என்று நானா போனில் அடுத்ததைத் தட்டிவிட்டார். மகள் தடுக்குமுன் என் பாட்டு வந்துவிட்டது. நான் ரைஸ் குக்கர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன்.

பாட்டு முடிந்தது. பெரியவர் உரப்பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"யாரும்மா பாடுறது?"

மகள் சத்தியத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொம்பளைக்குத் தடிமன் போல, மூக்கடைச்ச குரலு."

என் வாய் சும்மா கிடந்தால்தானே! பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னேன்: "தடிமன் இல்லீங்க. அன்னைக்கு மழை, நனைஞ்சுக்கிட்டுப் பாடுனேன்."

கடையே என் பக்கம் திரும்பியது. "அப்ப இன்னொரு தடவ போடுங்க நானா," என்றார் பெரியவர்.

அந்தச் சோடியைத்தான் வாங்கினோம். அது மரமா, மரம் மாதிரி அட்டையா என்று எனக்கு நிச்சயமில்லை. உரப்பையில் இருந்த மரக்கறி லீக்ஸா கோவாவா என்பதும் மறந்துவிட்டது. அன்றைக்குக் கடையில் நின்ற யாராவது இதைப் படித்தால் சரி பார்த்துச் சொல்லுங்க. தடிமன் விசயத்தைப் பார்க்க வேண்டாம். அது மழைதான்.