உறைபனிக் கணவாயில் கண்ணாயிரம்

மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் ராஜவேலின் வண்டி தங்கள் வீட்டு வாசலில் நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆள் தங்கமானவன்தான். ஆனால் அந்தக் குட்டியானை வண்டியின் பின்னால் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி இருக்கும். செத்தவரைக் கிடத்தி வைக்கிற பெட்டி. கல்யாணப் பத்திரிகை வைப்பவர்கள்கூட அவனை டீக்கடையிலேயே மடக்கிக் கொடுத்துவிட்டு, வண்டியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். அவன் மனைவி ரேணுகாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டியை இறக்கி, ப்ளக்கைச் சொருகி, குளிர் ஏறுகிறதா என்று இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். எழவு வீட்டில் வேற்று ஆம்பளை எங்கே போய் உட்காருவது? வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து போனில் ஒரு கேம் ஆடுவான். அது வேறு ஏதோ உலகம். வானத்தில் இரண்டு நிலா. எங்கே பார்த்தாலும் பனி. ஒரு மலைக்கணவாய், அதன் வழியே ஒரே ஒரு ரோடு. அந்தப் பக்கம் குளிரில் விறைத்துக் கிடக்கிற ஒரு நகரத்துக்கு லாரியில் விறகு கொண்டுபோக வேண்டும். ஒருபுறம் பாறை, மறுபுறம் அதலபாதாளம். உச்சிக்குப் போனால் ரோடு முடிந்துவிடும். அங்கே உறைந்து கிடக்கிற ஏரிதான் ரோடு. பெருமுக்கல் மலையைத் தவிர வேறு மலை ஏறியறியாத ராஜவேலுக்கு அந்தக் கணவாயின் ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. ஆனால் ஒருநாளும் அக்கரை போய்ச் சேர்ந்ததில்லை. ஏரியில் பாதி தாண்டியதும் போன் அடிக்கும். யாராவது இறந்திருப்பார்கள்.

போன சித்திரையில் அப்படி அடித்த போன்தான் கண்ணாயிரத்துக்காக வந்தது. உப்பளத்திலேயே உழைத்து ஓய்ந்த மனிதர். ஒரே மகன் பாலகுரு மஸ்கட்டில் இருந்தான். மறுநாள் காலையில்தான் அவனால் வந்து சேர முடியும். அதுவரை அப்பாவின் முகம் கெடாமல் இருக்க வேண்டும், அது போதும் என்று போனில் அழுதானாம். ராஜவேல் பெட்டியை வைத்து, குளிர் ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சோற்றில் கை வைக்கும்போது மறுபடி போன். என்ன ஓட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாய், குளிரவே இல்லை என்று கண்ணாயிரத்தின் தம்பி கலியபெருமாள் எகிறினார்.

அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் பெட்டிக்கு ஒன்றும் இல்லை. ப்ளக் பிடுங்கிக் கிடந்தது. சொருகினான். பெட்டியின் தலைமாட்டில் இருந்த கண்ணாயிரத்தின் மனைவி திரௌபதி எழுந்து வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கலியபெருமாளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பிடித்துப் போய்ப் பக்கத்து வீட்டில் உட்கார வையுங்கள் என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வீடு கொதித்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் மகன் வந்து பார்க்க முகம் மிஞ்சாது. ராஜவேலுக்கு அது நன்றாகத் தெரியும். அதற்காகப் புருஷனிடமிருந்து அவளை இழுத்துக்கொண்டு போவதையும் அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அவளாகவே சொன்னாள்.

“அவருக்குக் குளிரே ஆவாது தம்பி. ஆஸ்பத்திரில ஏசி ரூம்ல போட்டு வச்சாங்க. குளுருது குளுருதுன்னு கையக் காட்டிக்கினே இருந்தாரு. நான் கண்ணாடி வழியா பாத்துக்கினு நின்னேன். ஒரு போர்வ போத்திவுடக்கூட என்ன உள்ள வுடல.”

மார்கழி பிறந்தால் கண்ணாயிரம் மப்ளர் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார் என்று ஊரே கிண்டல் செய்யும். ராஜவேலும் செய்திருக்கிறான். செத்த உடம்புக்குக் குளிர் தெரியாது என்று எத்தனையோ வீட்டில் சொன்னவன்தான். இவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உன் புருஷன் செத்துவிட்டான் என்று இன்னொரு தரம் சொல்வதுதானே அது? வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

ஒரு மலை இருக்கிறது என்றான். அதில் ஒரு கணவாய், ஒரு ரோடு. போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். எந்நேரமும் பனி கொட்டும். ஆனாலும் இரண்டு நிலா இருப்பதால் வழி நன்றாகத் தெரியும். கலியபெருமாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். திரௌபதி மட்டும் கவனமாகக் கேட்டாள். ரோட்டில் விழுகிற பனியை யார் வாருவது என்று கேட்டாள். லாரியின் முன்னால் பெரிய தகடு இருக்கும், அது தள்ளிக்கொண்டே போகும் என்றான் ராஜவேல். ஆள் வைத்து வாரினால்தான் சுத்தமாக இருக்கும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக மாட்டார், அங்கேயும் உப்பு வாருகிற பலகையைக் கையில் எடுத்து, வாரி ஓரமாகக் குவித்துவிட்டுத்தான் நகர்வார், போன இடத்திலாவது அக்கடா என்று இருக்கத் தெரியாது என்று கோபித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மேல ஒரு ஏரி இருக்குதுக்கா,” என்றான் ராஜவேல். “ஐஸா உறைஞ்ச ஏரி. அதத் தாண்டித்தான் போவணும். குளுரு இருக்கிற வரைக்கும்தான் அது ரோடு. குளுரு போச்சுன்னா வெறும் தண்ணி.”

அவள் தரையில் கிடந்த ப்ளக்கைப் பார்த்தாள். பயமுறுத்திவிட்டோமோ என்று அவனுக்குத் திக்கென்றது.

“ஏரிக்கு அந்தாண்ட என்ன இருக்குது?”

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவனுக்கு மனசு வரவில்லை.

“தெரியலக்கா. நான் ஏரி வரைக்கும்தான் போயிருக்கேன்.”

அவள் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

“வெயிலு இருக்கும்,” என்றாள்.

பிறகு எழுந்து உள்ளே போய் அந்தப் பழைய மப்ளரை எடுத்து வந்தாள். மூடியைத் திறக்கச் சொல்லி, கண்ணாயிரத்தின் காதுகளை மூடி இதமாகச் சுற்றிவிட்டாள். ப்ளக்கை அவளே சொருகினாள். அவன் சொன்னதை அவள் நம்பினாளா என்று ராஜவேலுக்கு இன்றுவரை தெரியாது. உப்பள முதலாளிகளிடம் கூலிக்குச் சண்டை போட்டுப் பழகியவள், அவ்வளவு லேசில் ஏமாறுகிறவள் அல்ல. கணவனுக்குக் குளிரும் என்பதை யாரோ ஒருவன் மறுக்காமல் கேட்டுக்கொண்டானே, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். சாயங்காலம் கரண்ட் போனபோது, எதிர்வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சொல்லி முதலில் சத்தம் போட்டவள் அவள்தான்.

காலையில் பாலகுரு சூட்கேஸும் கையுமாகக் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தான். ராஜவேல் மூடியைத் திறந்தான். முகம் அப்படியே, தூங்குகிற மாதிரி இருந்தது. குனிந்து அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்தவன் விலுக்கென்று நிமிர்ந்தான்.

“என்னம்மா இது, இவ்ளோ ஜில்லுன்னு இருக்காரு,” என்று உடைந்து போனான்.

திரௌபதி மகனின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“உனக்கோசரந்தான்டா. நீ வந்து பாக்கணும்னு நேத்துலேர்ந்து அந்தக் குளுர்ல நின்னுக்கினு இருக்காரு, குளுரே ஆவாத மனுஷன்.”