நாக்கில் வைத்துப் பார்த்த மாத்திரை

என் மனைவிக்குக் கிட்னி சுருங்கிக்கொண்டே வருகிறது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னபோது, புது மாத்திரை ஒன்றின் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்றும் கேட்டார்கள். சேர்கிறவர்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்து மாதிரியே இருக்கிற வெறும் மாவு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுப் போடும். பழைய பிரஷர் மாத்திரைகள் எப்போதும்போல உண்டு. டாக்டர் எதையும் மறைக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். எட்டாவதோடு நின்ற எனக்கே விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வினை.

சம்மதம் சொல்வதை வீடியோ எடுக்க வேண்டுமாம், சட்டம். கேமரா முன்னால் உட்கார்ந்தவள், "நீங்க பாத்துச் செய்ங்க டாக்டர்" என்றாள். தையல்கடையோ கரண்ட் ஆபீசோ, எங்கே போனாலும் அவள் சொல்வது அதுதான்.

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. சேர்றதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கென்ன தெரியும் சார்? நீங்க பாத்து..."

"நான் பாக்க முடியாதும்மா. ஒங்களுக்கு எந்த மாத்திரைன்னு எனக்கே தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "படிச்சவருக்கே தெரியாதாம். நீங்க தெரிஞ்ச மாதிரி முழிக்கிறீக."

கேமரா பிடித்த பெண் சிரித்துவிட்டாள். மறுபடி எடுத்தார்கள். "சேர்றேன்" என்றாள்.

மாத்திரை டப்பாவோடு எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. மாவா, மருந்தா? நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன். டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை எங்கே என்று குமிழி சொல்லிவிடும். மாத்திரையை எதில் முக்குவது? மறுநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்தாகக் கசந்தது. செம்போடு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"எச்சி பண்ணிட்டு என்ன இளிப்பு?"

"கசக்குதுடி! மருந்துதான்!"

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். அவளும் நம்பினாள். ஆனாலும் ஆஸ்பத்திரியில் எடுத்த ஒவ்வொரு சோதனையிலும் ரத்தத்தில் உப்பு கூடியிருந்தது. கால் வீங்கியது. விருப்பமில்லையென்றால் விலகிக்கொள்ளலாம் என்று போகும்போதெல்லாம் அந்தக் கேமராப் பெண் நினைவூட்டுவாள். "விடமாட்டேம்மா, கசக்குற மருந்து" என்பாள் இவள்.

போன மாதம் மூச்சு வாங்கத் தொடங்கியதும் டயாலிசிஸ் என்றார்கள். வராந்தாவில் அந்தப் பெண்ணிடம் புலம்பினேன். "கசந்துச்சேம்மா..."

அவள் முகம் மாறியது. "ரெண்டையுமே கசக்குற மாதிரிதான் அண்ணே செய்வாங்க. இல்லேன்னா நாக்குலயே தெரிஞ்சு போயிருமே."

டாக்டரிடம் ஓடினேன். "இப்பவாச்சும் எதுன்னு சொல்லுங்க சார்." ஆராய்ச்சி முழுதும் முடிந்த பிறகுதான் சீட்டைப் பிரிப்பார்களாம். அதற்கு முன்னால் பிரிப்பதென்றால், அதைத் தெரிந்துகொள்வதால் வைத்தியம் மாற வேண்டும்.

"இவங்களுக்கு எதுவா இருந்தாலும் இனிமே டயாலிசிஸ்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே அவள் மெஷின் பக்கத்தில் படுத்திருந்தாள். "ஏங்க, அந்தக் கசப்பு மாத்திரையாலதான் இம்புட்டு நாள் தாக்குப்பிடிச்சேன், இல்ல?"

"ஆமா" என்றேன். வாயெல்லாம் கசந்தது.

நர்ஸ் ஊசியோடு வந்தார். "பாத்துச் செய்ங்க" என்று என் மனைவி கையை நீட்டினாள்.