அம்மா பார்த்த பம்பாய்

விடியற்காலையில் கிளறிய புளிச்சோறு தூக்குச்சட்டிக்குள் அடைபட்டு, ரெட்டைமாடி பஸ்ஸின் மேல்தட்டில் என் மடிமேல் சூடாக இருக்கும்; ஜன்னல் வழியாகக் கடற்காற்று முகத்தில் அறையும்; அந்த இரண்டும் கலந்த வாசனைதான் எனக்கு மே மாதம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு, பள்ளிக்கூடத்துக்குச் ‘சுட்டி’ என்னும் கோடை விடுமுறை விட்டதும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து யாராவது ‘பம்பாய் பாக்க’ வந்துவிடுவார்கள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, வாரத்தின் ஒரே ஓய்வு நாளில் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடுவார். கேட்வே, மீன் காட்சிசாலை, மெரின் டிரைவ், சௌபாத்தி, கடைசியாக மலபார் ஹில் மேலிருக்கும் ஹேங்கிங் கார்டன். எந்த இடத்திலும் யாரையும் நிற்க விடமாட்டார். “சல்தி, சல்தி” என்று முதுகுக்குப் பின்னால் அவர் குரல் துரத்திக்கொண்டே வரும்.

அம்மா ஒருநாளும் வந்ததில்லை. சோறு கட்டிக் கொடுப்பாள், நாங்கள் திரும்பி வருவதற்குள் குழாயடியில் தண்ணீர் பிடித்து, வந்தவர்களின் துணியையும் துவைத்துக் காயப்போட்டிருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாட்டுங்கா மார்க்கெட்டும் சயான் ஆஸ்பத்திரியும்தான் அவள் போய் வந்த இடங்கள். அதை யாரும் ஒரு குறையாகப் பேசியதில்லை, அவளும்கூட.

ஒரு வருஷம் அப்பாவின் அக்காவான அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் புறப்பட்டு நிற்கும்போது, சரக்கு உடனே கப்பலுக்குப் போக வேண்டும், வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று பட்டறை முதலாளி சொல்லியனுப்பிவிட்டார். இரண்டு நாளில் அவர்களுக்கு ஊருக்கு ரயில். அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, “பம்பாய்க்குப் போயும் கடலப் பாக்கலைன்னு ஊர்ல சொல்லிக்கிடுதேன் தம்பி” என்றாள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நான் கூட்டிட்டுப் போறேன் மதினி.”

அப்பா சிரித்துவிட்டார். “நீ மார்க்கெட்டத் தாண்டிப் போனது உண்டா?”

“வழி தெரிஞ்சவங்களுக்கு மட்டுமா பஸ் ஓட்டுதான்?” என்று கேட்டுக்கொண்டே அம்மா கையைத் துடைத்தாள். பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்தாள்.

பஸ்ஸின் நெற்றியில் மராட்டி எழுத்தில் இருந்த எண்ணை நான் படித்துச் சொல்ல, அவள் எனக்கு முன்னால் ஏறினாள். கண்டக்டரிடம், “ஹேங்கிங் கார்டன் ஜானா” என்ற மூன்று சொல்லைத் தவிர அவளிடம் வேறு இந்தி இல்லை. அவர் என்னவோ சொன்னார், அவள் தலையாட்டினாள், முன்னதாகவே இறங்கிவிட்டோம். மலை ஏறும் சாலை கொதித்தது. பெரிய பெரிய வீடுகளின் வாசலில் நின்ற வாட்ச்மேன்கள் எங்களைப் பார்த்தபடியே இருந்தார்கள். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார், அத்தை மட்டும் அடிக்கொருதரம் நின்று, “வழி தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லு” என்றாள். “இந்தா வந்துட்டு மதினி” என்று திரும்பிப் பார்க்காமலே அம்மா நடந்தாள். அப்பாவின் பின்னால் ஓடியே பழகிய எனக்கும் வழி பதிந்திருக்கவில்லை.

ஒருவழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அத்தை எல்லா ஊர்க்காரர்களையும் போலவே, “எங்க தொங்குது?” என்று கேட்டாள். சாலையைக் கடந்து எதிர்ப் பூங்காவுக்குள் போனோம். குழந்தைகள் பூட்ஸ் வடிவில் கட்டிய வீட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அம்மா விளிம்புக் கம்பிவரை போனாள். கீழே சௌபாத்தியின் மணல், அதிலிருந்து வளைந்து போகும் சாலை, சாலையோரம் முழுக்கக் கட்டடங்கள், கண்ணுக்கெட்டியவரை கடல். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “இதெல்லாம் இங்கனயேதான் இருந்துச்சா?”

அதற்குப் பிறகு அவளை நகர்த்த முடியவில்லை. அத்தை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்ந்து, சாலை விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகே எழுந்தோம். வீட்டுக்கு வந்தபோது அப்பா சந்து முனையில் நின்றிருந்தார். “எங்க போய்த் தொலைஞ்ச?” என்று அம்மாவிடம் பாய்ந்தவரை அத்தைதான் அடக்கினாள். “சத்தம் போடாத தம்பி. உங்கூடப் போயிருந்தா நான் பஸ்ஸத்தான் பாத்திருப்பேன்.”

அத்தையும் மாமாவும் ஊருக்குப் போனார்கள். அம்மாவுக்குத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு வந்தால் விடியுமுன் வேலையை முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வர்லிக் கடற்கரை, மகாலட்சுமி கோவிலின் பின்புறப் பாறைகள், படகேறிப் போய்ப் பார்க்கும் எலிஃபெண்டா குகைகள் என்று எங்கெங்கோ அலைந்தோம். அடுத்த அறை ரகுமத்தக்காவும் சில நாள் எங்களோடு வருவாள். ‘ஊர் சுத்தி’ என்று கேம்ப்பில் பெயர் வந்தது. அப்பா முதலில் முறைத்தார், பிறகு கத்தினார், ஒரு ஞாயிறு காலையில் அம்மாவின் செருப்பை எடுத்துக் கூரைத் தகரமான ‘பத்ரா’வின் மேல் வீசிவிட்டார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெறுங்காலோடு இறங்கி நடந்தாள். வைகாசி வெயிலில் தார் இளகியிருந்தது. நிழல் கண்ட இடத்தில் நின்று நின்று போனோம், திரும்பலாம் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. இரவு அவள் உள்ளங்காலெல்லாம் கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவளை அப்பா பார்த்தார், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அந்த வார முடிவில் பட்டறைத் தோலில் அவரே தைத்த ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தார். பை தைத்த கை. வார் கொஞ்சம் கோணல். அம்மா அதைப் போட்டுக்கொண்டு மறுநாளே கிளம்பினாள். அப்பா தடுக்கவில்லை. கூட வரவும் இல்லை.

இப்போது ரெட்டைமாடி டீசல் பஸ்கள் ஓய்ந்துவிட்டன. வர்லிப் பக்கம் மண்ணைக் கொட்டிச் சாலை போட்டதில் கடல் தள்ளிப் போய்விட்டது. ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லா இடத்தையும் போனிலேயே பார்த்துவிட்டு, மால் எங்கே என்று கேட்கிறார்கள். அம்மா தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா என்னோடு ஆண்டாப் ஹில்லில் இருக்கிறார். லிஃப்டில் இறங்கி ஏறுவதோடு சரி. போன மாதம் ஒரு ஞாயிறு காலையில், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “உங்கம்மா எங்கெல்லாம் போவா?” என்று கேட்டார்.

டாக்ஸியில் மலபார் ஹில்லுக்குக் கூட்டிப்போனேன். எத்தனையோ பேருக்கு அந்த இடத்தைக் காட்டியவர், கம்பியோரம் நின்று புதிதாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். “ஆளுக தொலைஞ்சிரக் கூடாதுன்னு ஆளுகளத்தான் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்” என்றார். பூங்காவில் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. கால் வலிக்கும், உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை.

“இங்கேருந்து அடுத்து எங்க போவா?” என்று கேட்டார்.