பனிக்கப்பலில் மீன் வாசனை

அப்பா எழுதும் கடைசி நாடகமாக அது இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மே மாதத் தேவாலயத் திருவிழாவின் கடைசி நாள் மாலை, காரைக்காலில் எங்கள் பங்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம் போடுவது வழக்கம். எழுதுவது எப்போதும் அப்பாதான். நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் அவர். வயதானவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரால் ‘மேரி’ என்று சொல்லும் அலுவலகம். இரண்டு வருடமாகக் கூட்டம் பாதி நாடகத்திலேயே எழுந்து ராட்டினத்தின் பக்கம் போய்விட்டது. திருவிழாக் குழுத் தலைவர் வீட்டுக்கே வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்த வருஷமும் ஜனம் எந்திரிச்சுப் போச்சுன்னா, அடுத்த வருஷம் மெல்லிசைக் கச்சேரி வச்சிடலாம்னு குழுவுல பேசிக்கிறாங்க.”

“பேசிக்கிறாங்களா, முடிவே பண்ணிட்டீங்களா?”

“ஜனம் உக்காந்திருந்தா நாங்க ஏன் சார் மாத்தப்போறோம்?”

அவர் போனதும் அப்பா பேய்க்கதை எழுதப்போவதாகச் சொன்னார். பங்களாவா என்று கேட்டேன்.

“பங்களான்னா கதவத் தொறந்துக்கிட்டு ஓடிடலாம் பாப்பா. இது வடதுருவத்தப் பாக்கப் போன கப்பல். சுத்திவர கடல் ஐஸா இறுகிப்போச்சு. எங்க ஓடுவான்?”

அலுவலகப் பரணில் கிடந்த பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் அவர் பார்த்த படம்தான் கதைக்கு விதை. வெள்ளையாக உறைந்த கயிறுகள், சாய்ந்து நிற்கும் கொடிமரம், ஒரே ஒரு சன்னலில் மட்டும் விளக்கு. அந்த விளக்கை யார் ஏற்றினார்கள் என்று பல வருடம் யோசித்தாராம். நாடகத்தில் கப்பல்தலைவன் திரும்பிப்போக மறுக்கிறான். முதல் காட்சியிலேயே சமையல்காரன் இறந்துவிடுகிறான். பனியைத் தோண்டிப் புதைக்க முடியாமல் அவனைக் கீழ்த்தட்டில் கிடத்துகிறார்கள். அதன் பிறகு கப்பலில் யாருக்கும் தூக்கம் இல்லை.

எழுதியதை அப்பா படித்துக் காட்டினார். அம்மா பயப்படவில்லை.

“மே மாசத்துல வேர்த்து வழிஞ்சுக்கிட்டு ஒருத்தன் குளுருதுன்னு நடுங்கினா, சிரிக்கத்தான் செய்வாங்க.”

அம்மா சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் தயாரிக்கும் தொழிற்சாலையில் அப்போதுதான் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு: அதைக் காட்ட முடியாது, உடம்பில் படவைக்கத்தான் முடியும். மேடையின் முன்விளிம்பில் ஐஸ் பார்களை அடுக்கி, பின்னாலிருந்து மின்விசிறி வைத்தால் குளிர்ந்த காற்று கூட்டத்தின்மேல் போகும். அன்றே பட்டியல் போட்டேன். கொடிமரத்துக்கு மூங்கில். சுண்ணாம்பில் தோய்த்துக் காயவைத்த கயிறு. பஞ்சு. தகரத் தட்டுகள். நின்றபடி சுற்றும் பெரிய மின்விசிறிகள். நீள வயர். ஐஸ் பார்கள். ஐஸ் உருகாமல் மூட உமியும் சாக்கும்.

தொழிற்சாலைக் கணக்குப்பிள்ளைதான் நாடகத்தில் சமையல்காரர். முதல் காட்சியிலேயே சாகவேண்டியிருக்கிறதே என்று வருத்தம் இருந்தாலும் ஐஸுக்கும் சாக்குக்கும் ஏற்பாடு செய்தார்.

அன்று மாலைப் பூசை முடிந்ததும் மைதானம் நிறைந்தது. மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். திரை விலகி மின்விசிறிகள் சுற்றியதும் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஓலைவிசிறிகள் நின்றன. ஒரு குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. சமையல்காரர் இறந்தார், மேடைக்கு அடியில் இறக்கினார்கள். எல்லாம் பட்டியல்படி நடந்தது.

கப்பல்தலைவனாக நடித்தவர் எங்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். பஞ்சுத் தாடியோடு முன்னே வந்து, கையை விரித்துச் சொன்னார்:

“ஆ! இந்தப் பனிப்பாலையில் உயிருள்ள எதனுடைய வாசனையும் இல்லை!”

“யோவ்! கானாங்கெளுத்தி வாசன அடிக்குதுய்யா!” என்று நடுவிலிருந்து ஒரு பெண்குரல்.

மைதானமே சிரித்தது. எனக்கு அந்தக் கணம்தான் புரிந்தது. சாக்குகள் மீன் ஏலக் கொட்டகையிலிருந்து வந்தவை. மீன்பெட்டிகளை மூடிய அதே சாக்குகள். ஐஸ் உருக உருக அவை நனைந்து, என் மின்விசிறிகள் அந்த வாசனையைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தன. பட்டியலில் மூக்குக்கென்று நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“மாஸ்டரே, கிலோ என்ன வெல?” என்று இன்னொருவர் கத்தினார். ஓரத்தில் இரண்டு பேர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார்கள். குழுத் தலைவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கத்தில்தான் நான் நின்றேன். அவர் கையிலிருந்த தாள்களை மூடிவிட்டார். மெதுவாக, தாளில் இல்லாததைச் சொல்லத் தொடங்கினார். டிரில் மாஸ்டர் ஒரு வினாடி திகைத்து, அதையே திருப்பிச் சொன்னார்:

“ஆமாம்... எனக்கும் வருகிறது. மீன் வாசனை.”

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

“நாம் மீனைக் கண்டு எத்தனை மாதம் ஆகிறது? சமையல்காரனும் செத்துப்போனான். அப்படியானால்... கீழே மீன் அறுப்பது யார்?”

மேடைக்கு அடியில் சோடா குடித்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளைக்கு இது கேட்டிருக்கிறது. யாரும் சொல்லாமலே, காலிப் பாட்டிலால் பலகையைத் தட்டினார். தக். கொஞ்சம் இடைவெளி விட்டு, தக். தக்.

கட்டையில் மீன்கத்தி விழும் சத்தம். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அந்தச் சத்தம் தெரியாத ஆள் கிடையாது. தினமும் காலையில் கேட்கிற சத்தம், அன்று கேட்கக்கூடாத இடத்திலிருந்து வந்தது. எழுந்த இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்தார்கள். முதலில் கத்திய பெண், “ஏசுவே” என்று சொன்னது மேடைவரை கேட்டது.

அதற்குப் பிறகு அப்பா தாள்களைத் திறக்கவே இல்லை. மாஸ்டர் பயந்தபோதெல்லாம் கீழே பாட்டில் தட்டியது. தகரத் தட்டுகள் நிரம்பி, ஐஸ் தண்ணீர் வழிந்து முன்வரிசை மணலுக்குள் போனது. கால் நனைந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்கள். யாரும் எழவில்லை. கடைசியில் கப்பலின் ஒற்றை விளக்கு அணைந்து திரை விழுந்த பிறகும், கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை.

அப்பா என்னிடம், “போயிட்டாங்களா?” என்று கேட்டார். திரையை விலக்கிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

“இல்லப்பா. எல்லாரும் இருக்காங்க.”

மறுநாள் தொழிற்சாலையில் கணக்குப்பிள்ளை புலம்பினார். “ஐஸ் வாங்க வந்த பொம்பளைங்க ‘செத்தவரு வந்துட்டாரு’ன்னு தள்ளி நிக்கிறாங்கம்மா. சில்லறைய கையில வாங்க மாட்டேங்குறாங்க.” சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மாலையில் குழுத் தலைவர் வந்தார். கச்சேரியைப் பற்றிப் பேசவே இல்லை. “அடுத்த வருஷம் என்ன கதை சார்?” என்று மட்டும் கேட்டார்.

“கப்பல்தான். இந்தக் கப்பல தேடிக்கிட்டு இன்னொரு கப்பல் போவுது,” என்றார் அப்பா, அந்த நிமிடம் தோன்றியதை.

நான் புதுத் தாளில் பட்டியலைத் தொடங்கினேன். முதல் வரி: சாக்கு, ஏலக் கொட்டகையிலிருந்து. துவைக்கக்கூடாது.