ஒற்றைக் கைக்கு ஒரு கத்தி

எங்கள் அத்தான் இருபத்தெட்டு வருடமாகக் கத்தி விற்கிறார். வீட்டில் ஒரு வெங்காயத்தைக்கூட வெட்டியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். குறையாகத்தான் சொல்கிறேன். அவர் கட்டியிருப்பது என் அக்காவை.

பாத்திரக்கடையின் உள்கோடியில், கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் அவருடைய இடம். "நல்ல கத்தியா ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "எதை வெட்டப் போறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். ரொட்டிக்குப் பல் வைத்த நீளக் கத்தி. எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்க ஒல்லியாக வளைந்துகொடுக்கிற கத்தி, எலும்பையே வெட்டவேண்டும் என்றால் தடித்த வெட்டுக்கத்தி. வேலை முடிந்ததும் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கழுவிய கையோடு துடைத்துவைக்கிற பொறுமைசாலிகளுக்கு மட்டும்தான் கார்பன் ஸ்டீலை எடுத்துக் காட்டுவார். அதில் கூர் நன்றாக ஏறும், ஈரத்தோடு விட்டால் துருவும் நன்றாகவே ஏறும். கடைசியில் ஒரு செய்தித்தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே சர்ரென்று கிழித்துக் காட்டுவார். வந்தவர் அசந்துபோவார். காகிதத்தைத் தவிர வேறு எதையும் அவர் வெட்டி நான் பார்த்ததில்லை.

நான்கு மாதத்துக்கு முன் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டாள். பேச்சு திரும்பியது, நடையும் ஓரளவு திரும்பியது. இடது கை மட்டும் மடியில் அப்படியே கிடந்தது. அவள் வீட்டுக்கு வந்த அன்றே அத்தான் சமையலறைக் கத்திகளை எல்லாம் அள்ளி பீரோவில் பூட்டிவிட்டார். மூன்று வேளையும் ஓட்டல் பொட்டலம்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று அவரை ஒரே ஒரு முறை கேட்டாள். அதோடு சரி, அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். மாடி வீட்டில் இருக்கிற நான் தபால்காரன் ஆனேன்.

"அவருகிட்ட சொல்லு, தண்ணி வேணும்னு."

"வெந்நீரா, சும்மா தண்ணியான்னு கேளு மாப்ளே."

இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இருக்காது. என் பாடு பெரும்பாடாகிவிட்டது.

ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் அக்கா அழுதாள். "இந்த வீட்ல எனக்கு என்னடா வேலை இருக்கு? ஓரமா தூக்கி வச்ச சாமான் மாதிரி இருக்கேன்." அதை அப்படியே அத்தானிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன்.

மறுநாளிலிருந்து கத்தி வரத் தொடங்கியது. முதலில் பீங்கான் கத்தி. எடையே இல்லை, லேசில் மழுங்காது என்றார். வெங்காயம் உருண்டது, கத்தி கை நழுவி விழுந்து முனை உடைந்தது. அடுத்து, அவரே தீட்டிய கார்பன் ஸ்டீல் கத்தி. வெங்காயம் இன்னும் வேகமாக உருண்டது. மூன்றாவது, பல் வைத்தது. தக்காளி நசுங்கி அக்காவின் மேலெல்லாம் தெறித்தது. ஒவ்வொரு முறையும் "மெதுவா, மெதுவா" என்று பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் கத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பூட்டினார்.

"எந்தக் கத்தி சரிப்படும்னே தெரியல மாப்ளே" என்றார் என்னிடம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க ஒரு தடவையாவது வெட்டிப் பாத்திருக்கீங்களா அத்தான்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் இடது கையை ஒரு துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சமையலறை மேசைமுன் உட்கார்ந்தார். அக்கா வாசல் ஓரத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருட அனுபவம் ஒரு வெங்காயத்தைத் துரத்திக்கொண்டு மேசை முழுக்க ஓடியது. வெங்காயம் கீழே விழுந்து அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்தது. அத்தான் குப்புறப் படுத்துத் துழாவினார்.

"பிடிச்சுக்க இன்னொரு கை இல்லாம எப்படி வெட்டுறது?" என்றார் தரையிலிருந்து.

அக்கா சிரித்துவிட்டாள். நோய் வந்தபிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். "அதைத்தான் இத்தனை நாளா நானும் பாக்குறேன்னு அவருகிட்ட சொல்லு" என்றாள் என்னிடம்.

அன்று மாலைக்குள் ஒரு வெட்டும் பலகையின் மூலையில், அடியிலிருந்து மூன்று ஸ்டீல் ஆணிகளை அடித்து, முனைகள் மேலே தெரியும்படி செய்தார். கடையிலிருந்து பிறை வடிவக் கத்தி ஒன்றையும் கொண்டுவந்தார். கைப்பிடி அதற்கு மேல்பக்கம் இருக்கும். வெங்காயத்தை ஆணியில் குத்தி நிறுத்திப் பாதியாக்க வேண்டும். தட்டையான பக்கத்தைக் கவிழ்த்து வைத்தால் பிறகு உருளாது. அதன்மேல் கத்தியை வைத்து அழுத்தி, இப்படியும் அப்படியும் ஆட்டினால் போதும். கையைக் கட்டிக்கொண்டே ஏழு வெங்காயம் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா ஒரு வெங்காயத்தை வெட்டி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. துண்டுகள் கோணல்மாணல்தான். அத்தான் குழந்தையை நடக்கவிட்டவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் கத்தியை எடுக்கப் போனார்.

"கத்தி இங்கயே இருக்கட்டும். கடைக்கு நேரமாச்சு, அவரைக் கிளம்பச் சொல்லு" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து.

அத்தானும் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கத்தியை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று நானும் கூடவே போனேன். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

கடையில் ஒருவர் வந்து கத்தி கேட்டார். எதை வெட்ட என்றுகூடக் கேட்காமல் கைக்கு வந்ததை எடுத்து நீட்டினார் அத்தான். பன்னிரண்டு மணிக்கு அவருடைய போன் அடித்தது. திரையில் அக்கா பெயர். அவர் அதை எடுக்க முடியாமல் என் பக்கம் தள்ளினார்.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்றேன்.

"நீ எதுக்கு எடுத்த? அவருகிட்ட குடு."

கொடுத்தேன். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"பொட்டலம் வாங்காதீங்க. சாப்பிட வீட்டுக்கு வந்துடுங்க."

"ம்" என்றார். அவ்வளவுதான் வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு, கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அழுதார்.