பிடிக்கும், பிடித்திருக்கும்

என் தங்கை தஞ்சாவூரில் ஆய்வு மாணவி. மனித உடலில் உள்ள ஒரே ஒரு புரதம்தான் அவளுடைய ஆய்வு. அதன் பெயர் சில ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும். வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. அதனால் கும்பகோணத்திலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அம்மா, "உன் ஆளு எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்பாள். அதைக் கேட்டுக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்குக் கல்யாணம் எப்போது என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான் நாளிதழில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது வேலை. அந்தப் புரதத்தைப் பற்றி எனக்கு விளங்கிய அளவு இது: செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சுவர்கள் உண்டு. இரண்டிலும் கொழுப்புதான் முக்கியச் சரக்கு. சுவர்களுக்கு நடுவே தண்ணீர். ஒரு சுவரிலிருந்து மற்றொன்றுக்குக் கொழுப்பு போயாக வேண்டும், ஆனால் தண்ணீரில் அது தானாகப் போகாது. யாராவது மடியில் கட்டிக் கொண்டுபோய் விட வேண்டும். தங்கையின் புரதம் அந்த வேலையைச் செய்யலாம் என்பது ஊகம்.

ஊகத்துக்குக் காரணம் அதன் வடிவம். கணினி கணித்துக் கொடுத்த படத்தை அவள் திரையில் சுழற்றிக் காட்டினாள். சுருள் சுருளாக மடிந்து, நடுவில் ஒரு பை. பையின் உட்புறம் தண்ணீரை ஒதுக்கும், எண்ணெய்ப் பசையை ஏற்கும்.

"பூரணம் வைக்காத கொழுக்கட்டை மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய துயரமே அதுதான். பை இருந்தது. அதற்குள் எதுவும் போகவில்லை.

மனிதப் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் செய்யவைத்து, பிரித்தெடுத்து, கழுவி, அதோடு ஒரு கொழுப்பைக் கலப்பாள். பைக்குள் புகுந்தால் ஒளிவிடும் கொழுப்பு அது. ஒளி கூடவில்லை. திரும்பத் திரும்பச் செய்தாள். தாளில் ஒரு தட்டையான கோடுதான் வந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலம் நெருங்கியது. 'இப்புரதம் கொழுப்பைப் பிடிப்பதில்லை' என்று மைய அத்தியாயத்துக்கு முடிவு எழுதிவிட்டாள். அப்படியே கொடுத்தாலும் பட்டம் கிடைக்கும். ஆனால் இத்தனை வருடம் கூடவே இருந்த ஒன்று என்ன வேலை செய்கிறது என்று தெரியாமலே விட்டுப் போக வேண்டும். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் சாலையில் பாதியை நெல் பிடித்திருந்தது, மீதிப் பாதியில் பஸ் போனது. அந்த வாரம் வலங்கைமானிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்காகத் தமிழில் ஒரு சுவரொட்டி எழுதியிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பாத்துக் குடு. புள்ளைங்களுக்குப் புரியணும்."

தலைப்பு: கொழுப்பைப் பிடிக்கும் புரதம்?

"கேள்விக்குறி எதுக்குடி?"

"பிடிக்குமான்னு எனக்கே தெரியலையே."

"இப்படிப் போட்டா அதுக்குக் கொழுப்புன்னா ரொம்ப இஷ்டம்னு நெனச்சுக்கும் புள்ளைங்க. எங்களுக்கும் பிரியாணி பிடிக்கும்னு சொல்லும்."

"சரி, 'தாங்கும்'னு போடு."

"அது என்ன தூணா? நீ முதல்ல ஒண்ணு சொல்லு. இனிமேதான் பிடிக்கப்போவுதா, ஏற்கெனவே பிடிச்சிக்கிட்டு இருக்கா? ஏற்கெனவேன்னா 'பிடித்திருக்கும்'னு போடலாம்."

நான் கேட்டது இலக்கணம். பிடித்திருக்கும் என்றால் பிடித்தபடி இருக்கிற என்றும் கொள்ளலாம், பிடித்திருக்கக் கூடும் என்றும் கொள்ளலாம். எது வேண்டும் என்று சொல்லாவிட்டால் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. தங்கை, நான் வாங்கிப்போன போண்டாவைக் கடித்தவள், மெல்லாமல் அப்படியே இருந்தாள்.

"அக்கா, பை காலியா இருக்குன்னு யாரு சொன்னா?"

"நீதானே சொன்ன."

"நான் சொல்லல. கம்ப்யூட்டர் வெறும் புரதத்தைத்தான் போட்டுக் காட்டுச்சு. உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பாக்டீரியாவுக்கும்தான் கொழுப்பு இருக்கு. அங்க உருவாகுறப்பவே இது ஒண்ணைப் பிடிச்சிருந்தா? நான் வந்து ஏத்துறதுக்கு முன்னாடியே எவனோ ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிச்சிட்டான்க்கா!"

"பாத்தியா? இதுக்குத்தான் பத்திரிகைக்காரி வேணுங்கிறது."

"ரொம்ப ஆடாத. எங்க மேடம் இதைப் போன வருஷமே கேட்டாங்க. நான்தான் 'நல்லா கழுவிட்டேன் மேடம்'னு சொல்லி வாயடைச்சேன். கழுவுனா சட்டை அழுக்குப் போவும். உள்பையில இருக்குற காசு போவுமா?"

மறுநாளும் எனக்கு விடுப்புதான். அவளோடு ஆய்வகத்துக்குப் போனேன். சோதனை எளிது. புரதத்தைக் குலைத்து, உள்ளே கொழுப்பு இருந்தால் அதைக் கரைப்பானில் இறக்கி, வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தட்டில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு பொட்டுகள். ஒன்று, அதே பாக்டீரியாவில் செய்து அதே மாதிரி கழுவிய, பை இல்லாத வேறொரு புரதத்திலிருந்து எடுத்தது. மற்றொன்று, பாக்டீரியாவில் நிறைய இருக்கும் கொழுப்பு, விலைக்கு வாங்கியது. தட்டின் அடியை ஒரு திரவத்தில் நிறுத்தினால் அது ஊறி மேலேறும், கொழுப்பையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு அயோடின் ஜாடியில் வைத்தால் கொழுப்பு இருக்கும் இடம் மஞ்சளாகும். பை இல்லாத புரதத்திலும் கறை வந்தால், இருந்தது வெறும் அழுக்கு. தங்கையின் புரதத்தில் மட்டும் வந்தால், அது பிடித்திருக்கிறது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை வந்து எங்கள் பின்னால் நின்றார். தங்கை தட்டை ஜாடிக்குள் வைத்தாள். விலைக்கு வாங்கிய கொழுப்பு முதலில் மஞ்சளானது. அதற்கு நேராக, அதே உயரத்தில், தங்கையின் புரதத்துக்கு உரிய இடத்திலும் ஒரு மஞ்சள் கிளம்பிப் பழுப்பானது. நடுவில், பை இல்லாத புரதத்தின் இடம் வெள்ளையாகவே இருந்தது.

"மேடம்" என்றாள் தங்கை.

"நான் பாத்துட்டுதாம்மா இருக்கேன்" என்றார் அவர். "போய் அந்த அத்தியாயத்தைக் கிழிச்சுப் போடு. இனிமே அந்தப் பையைக் காலி பண்றது எப்படின்னு யோசி. காலி பண்ணிட்டு உன் கொழுப்பை ஏத்திப் பாரு. இன்னும் ஒரு வருஷம் ஆகும், பரவாயில்லையா?"

"ஆவட்டும் மேடம்! ரெண்டு வருஷம்கூட ஆவட்டும்!"

வேலை நீள்கிறது என்ற செய்திக்கு இப்படி மகிழ்ந்தவரை நான் எங்கள் அலுவலகத்தில் பார்த்ததில்லை. அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா! கொழுப்பு இருக்கும்மா!"

"அது உனக்குப் பொறந்ததுலேருந்தே இருக்கு. இதைச் சொல்லவா போன் பண்ண?"

பேராசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தட்டை வெளியே எடுத்து வைத்திருந்ததால் கறை மங்கத் தொடங்கியது. அயோடின் காற்றில் போய்விடுமாம். தங்கை பென்சிலால் கறையைச் சுற்றிக் கோடு போட்டாள். அவசரத்தில் வட்டம் முட்டையாக வந்தது. படம் எடுத்தாள். பிறகு தட்டை மறுபடி ஜாடிக்குள் வைத்தாள். மஞ்சள் மறுபடி வந்தது. மங்கியதும் இன்னொரு தடவை வைத்தாள். அதற்கு ஒரு தேவையும் இல்லை. நாங்களும் அவளைத் தடுக்கவில்லை. மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.